நீராவி வடிகலத்தில் கண்டென்சர் ஏன் ஓட்டையாகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிய டிரைகுளோரோஎத்திலீனை, நீராவிக் காயில் (நீராவி ஓடும் சுருள் குழாய்) பொருத்திய வடிகலத்தில் காய்ச்சி மீட்கிறீர்கள். கடைசிக் கட்டத்தில், எண்ணெயோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கரைப்பானை விரட்டக் கொஞ்சம் நீராவியை நேரடியாகவும் உள்ளே விடுகிறீர்கள். ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சரின் வாய்ப் பக்கமும், அங்கிருந்து நீர் பிரிப்பானுக்குப் போகும் குழாயும் திரும்பத் திரும்ப ஓட்டையாகின்றன. சாதாரண இரும்பைக் கழற்றிவிட்டு 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டீர்கள். அதுவும் ஏழு மாதத்தில் வெல்டிங் ஓரமாக விரிசல் விட்டது. பாய்லரில் அமீன் மருந்து (நீராவியோடு போய் அமிலத்தை முறிக்கும் காரப் பொருள்) போட்டால் நிற்குமா, இல்லை வடிகலத்திலேயே காஸ்டிக் சோடா போட்டு அமிலத்தை முறித்துவிடலாமா என்பது கேள்வி.

காஸ்டிக் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. போடாதீர்கள். டிரைகுளோரோஎத்திலீன் வலுவான காரத்தோடு சூடாகச் சேர்ந்தால் டைகுளோரோஅசிட்டிலீன் உண்டாகும். அது காற்றுப் பட்டால் தானாகவே தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடியது. கடும் நரம்பு நஞ்சும்கூட. இதே கரைப்பானை மயக்க மருந்தாகப் பயன்படுத்திய 1940-களில், நோயாளியின் மூச்சுக் காற்றைச் சுத்தப்படுத்த வைத்திருந்த சோடா லைம் என்ற காரப் பொருளோடு அது வினைபுரிந்து, முக நரம்புகள் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. அங்கே இருந்தது சிறிய அளவுதான். உங்களிடம் இருப்பது கொதிக்கும் வடிகலம். யார் சொன்னாலும், எவ்வளவு நீர்த்த கரைசலாக இருந்தாலும், டிரைகுளோரோஎத்திலீன் கொதிக்கும் இடத்துக்குக் காஸ்டிக் போகக் கூடாது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சரி, இப்போது அரிப்புக்கு வருவோம். நீங்கள் ஒரே நோய் என்று நினைப்பது இரண்டு நோய். காயிலின் உள்பக்கம் நீராவியும் அது குளிர்ந்த நீரும் ஓடுகின்றன. வெளிப்பக்கம் கரைப்பான் கொதிக்கிறது. நடுவில் சில மில்லிமீட்டர் உலோகச் சுவர். உள்பக்கத்து அரிப்புக்குக் காரணம் கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனும். வெளிப்பக்கத்து அரிப்புக்குக் காரணம், கரைப்பான் சிதைந்து வரும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பாய்லரில் போடும் அமீன் காயிலுக்குள் வந்து, ஸ்டீம் டிராப் (நீராவியைத் தடுத்து, குளிர்ந்த நீரை மட்டும் வெளியே விடும் வால்வு) வழியாக வெளியே போய்விடும். சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள கண்டென்சருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நீங்கள் சொல்லும் இடங்களைப் பார்த்தால், உங்களுடையது பெரும்பாலும் கரைப்பான் பக்கத்து நோய். உலோகத்தை மாற்றுவதற்கு முன்னால், அமிலம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

டிரைகுளோரோஎத்திலீன் தனியாக, உலர்ந்து, மிதமான சூட்டில் இருந்தால் சாதாரண இரும்பைக்கூட ஒன்றும் செய்யாது. காற்று, சூடு, வெளிச்சம், உலோகத் தூள் எல்லாம் சேரும்போதுதான் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலத்தை விடுகிறது. இதைத் தடுக்கத்தான் தயாரிப்பாளர்கள் நிலைப்படுத்திகளைச் சேர்த்து விற்கிறார்கள். அவற்றில் சில ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை. சில, பியூட்டிலீன் ஆக்சைடு போன்றவை, பிறக்கிற அமிலத்தைப் பிடித்து விழுங்குபவை. வடிக்கும்போது இவை எல்லாம் கரைப்பானோடு ஒரே கணக்கில் எழும்பி வருவதில்லை. பியூட்டிலீன் ஆக்சைடின் கொதிநிலை சுமார் 63 டிகிரி, கரைப்பானுடையது 87. கனமான நிலைப்படுத்தி அடியில் எண்ணெயோடு தங்கிவிடும், லேசானது வென்ட் என்ற காற்றுப்போக்குக் குழாய் வழியாகப் போய்விடும், நீரில் கரைவது பிரிப்பானின் நீரோடு வடிந்துவிடும். பத்து முறை வடித்த கரைப்பான் பார்வைக்குப் புதிது போலவே தெளிவாக இருக்கும். ஆனால் அதற்குள் காவல்காரர் யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்புறம், அரிப்பு ஏன் கண்டென்சர் வாயில் மட்டும்? இதைக் கண்ணால் பார்த்தால் மறக்காது. ஒருமுறை இப்படிப்பட்ட கண்டென்சர் குழாய் ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். ஆவி நுழையும் முதல் இரண்டு விரற்கடை தூரம் புதுக் குழாய் போல இருந்தது. அதற்கு அடுத்த ஒரு சாண் தூரத்தில், கீழ்ப்பக்கம் மட்டும், வாய்க்கால் வெட்டியது போல ஒரு பள்ளம்; விளிம்பில் உலோகம் காகிதம் போல மெலிந்து விரலால் அழுத்தினால் வளைந்தது. அதையும் தாண்டினால் மறுபடி நல்ல குழாய். ஆவியாக இருக்கும்வரை ஹைட்ரஜன் குளோரைடு உலோகத்தை அதிகம் சீண்டுவதில்லை. நீரின் முதல் துளி எங்கே உருவாகிறதோ, அங்கே அக்கம்பக்கத்து அமில ஆவியெல்லாம் அந்தச் சின்னத் துளிக்குள் பாய்ந்துவிடும். ஒரு லிட்டர் நீரில் 0.365 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு கரைந்தாலே பி.எச். 2-க்கு இறங்கிவிடும். முதல் துளியில் நீர் மிகக் குறைவு, அமிலம் மிக அதிகம். மேலும் குளிரக் குளிர நீர் அதிகமாகி அமிலம் நீர்த்துப்போகும். அதனால்தான் அடுத்த அடி தப்பிக்கிறது. பிரிப்பானில் உள்ள நீரைச் சோதித்துவிட்டு பி.எச். 4-தானே, பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிரிப்பானில் 4 என்றால் முதல் துளியில் 1 அல்லது 2 இருக்கலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். அமிலம் இரும்பைத் தின்றால் ஃபெரஸ் குளோரைடு வருகிறது. காற்றும் நீரும் இருந்தால் அது பழுப்புத் துருவாக மாறும்போது, தான் கொண்டிருந்த அமிலத்தைத் திரும்ப வெளியே விட்டுவிடும். அதாவது ஒரே அமிலம் பலமுறை வேலை செய்கிறது. வடிகலத்துக்குள் காற்று நுழைவதை நிறுத்தினால் கரைப்பான் சிதைவது குறைகிறது, இந்தச் சுழற்சியும் அடங்குகிறது. கேஸ்கெட் கசிவு, மூடி சரியாக உட்காராதது, வென்ட் வழியாகக் காற்று திரும்ப இழுப்பது ஆகியவற்றை ஒருநாள் உட்கார்ந்து பார்த்துச் சரிசெய்வது, புதிய கண்டென்சர் வாங்குவதைவிட அதிகம் உதவும்.

உங்கள் 316 விரிசல் விட்டதற்குக் காரணம் வேறு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன்மேல் இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். குளோரைடு அதைத் துளைக்கும். ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் சூடு, குளோரைடு கலந்த ஈரம், உலோகத்துக்குள் இழுவிசை மூன்றும் சேர்ந்தால் 304, 316 இரண்டும் மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து விரிசல் விடும். வெல்டிங் செய்த இடத்தில் இழுவிசை ஏற்கனவே உள்ளே உறைந்து கிடக்கிறது. அதனால்தான் வெல்டிங் ஓரம். சாதாரண இரும்பு மெதுவாகத் தேய்ந்து எச்சரிக்கை கொடுக்கும். 316 எடை குறையாமல், மினுமினுப்புப் போகாமல், ஒருநாள் திடீரென்று கசியும். அதற்காக 316 இந்த வேலைக்கு ஆகாது என்று சொல்லவில்லை. நல்ல நிலையில் உள்ள கரைப்பானோடு அது பல ஆண்டுகள் உழைப்பதைப் பார்த்திருக்கிறேன். அமிலம் இருக்கும்வரை எந்தத் தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் தீர்வாகாது என்பதுதான் விஷயம்.

ஆகவே நான் முதலில் கைவைப்பது நீராவி அழுத்தத்தில். உங்கள் காயிலுக்கு எத்தனை பார் போகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. பாய்லரில் இருந்து நேராக 7 பார் போனால், காயிலின் உலோகம் 170 டிகிரியை நெருங்கும். வெறும் 87 டிகிரியில் கொதிக்கும் ஒரு திரவத்துக்கு அது தேவையே இல்லை. 1 பார் கேஜ் அழுத்தத்தில் நீராவி 120 டிகிரி; டிரைகுளோரோஎத்திலீனுக்கு அதுவே தாராளம். பெர்குளோரோஎத்திலீன் 121 டிகிரியில் கொதிப்பதால் அதற்கு 3 முதல் 4 பார் வரை தேவைப்படும், அந்தக் கரைப்பான் அந்தச் சூட்டைத் தாங்கவும் செய்யும். ஒரே வடிகலத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிக் காய்ச்சுபவர்கள், பெர்குளோருக்கு வைத்த அழுத்தத்தை அப்படியே விட்டுவிட்டு டிரைகுளோரைக் காய்ச்சுவதுண்டு. நீங்களும் அப்படிச் செய்கிறீர்களா என்று பாருங்கள். அழுத்தம் குறைக்கும் வால்வுக்குப் பின்னால் ஒரு மீட்டரும், அதற்கும் பின்னால் ஒரு சேஃப்டி வால்வும் இருக்க வேண்டும். வால்வு தேய்ந்து முழு அழுத்தமும் உள்ளே வந்தால் அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அழுத்தத்தைக் குறைத்தால் மட்டும் போதாது, காயில் எப்போதும் திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மட்டம் இறங்கி மேல் சுற்று வெளியே தெரிந்தால், அதன்மேல் தெறிக்கும் எண்ணெயும் கரைப்பானும் அங்கேயே கருகும். கருகிய படிவம் சூட்டைத் தடுக்கும், வடிப்பு மந்தமாகும், ஆபரேட்டர் நீராவியை இன்னும் திறப்பார். கரைப்பான் சிதைவது இப்படித்தான் வேகமெடுக்கிறது. அடியில் எண்ணெய் சுமார் 25 முதல் 30 சதவீதத்தைத் தொட்டதும் காய்ச்சுவதை நிறுத்திக் கழிவை இறக்கிவிடுவது நல்லது. இன்னும் இரண்டு லிட்டர் மீட்டுவிடலாம் என்ற ஆசையில்தான் பெரும்பாலான அமிலம் பிறக்கிறது. கழுவிய பாகங்களில் இருந்து வரும் அலுமினியத் தூள், மெக்னீசியம் சீவல் எதுவும் வடிகலத்துக்குள் போகக் கூடாது. அலுமினியம் அமிலத்தோடு சேர்ந்து அலுமினியம் குளோரைடாகி, கரைப்பானையே சங்கிலித் தொடராகச் சிதைத்துவிடும். முன்னால் ஒரு நல்ல வடிகட்டி வையுங்கள், அதைத் தினமும் துடையுங்கள்.

கரைப்பானின் உடல்நிலையை அறிய இரண்டு சோதனை போதும். ஒன்று, பிரிப்பானில் வடியும் நீரைத் தினமும் காலையில் பி.எச். தாளில் தொட்டுப் பார்ப்பது. தாள் மஞ்சள்-பச்சையில் நின்றால் வேலையைத் தொடரலாம். ஆரஞ்சுக்குத் திரும்பினால் அன்றைக்குக் காய்ச்சாமல் காரணத்தைத் தேட வேண்டும். இன்னொன்று, அமிலம் தாங்கும் திறன் சோதனை; ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் டி 2942 என்ற முறை இதற்காகவே உள்ளது, விற்பவர்களின் ஆய்வகமே பெரும்பாலும் செய்து கொடுக்கும். புதிய கரைப்பானின் மதிப்போடு ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே இறங்கினால் நான் புதுக் கரைப்பான் கலக்கவோ, தயாரிப்பாளர் கொடுக்கும் நிலைப்படுத்திக் கலவையைச் சேர்க்கவோ சொல்வேன். இந்தப் பாதி என்பது என் அனுபவக் கணக்கு. தயாரிப்பாளர் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். அமிலம் லேசாகத்தான் தலைகாட்டுகிறது என்றால், சூட்டை முழுக்க அணைத்து, ஆறிய கரைப்பானை நீர்த்த சோடியம் பைகார்பனேட் கரைசலில் அலசி, நீரை நன்றாகப் பிரித்துவிடலாம். அதன்பின் நிலைப்படுத்தி கட்டாயம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அலசும்போது அதிலும் ஒரு பகுதி போய்விடும். அமிலம் முற்றிவிட்ட கரைப்பானை மீட்க முயலாமல் கழிவாக அனுப்பிவிடுவதே நல்லது.

நேரடியாக விடும் நீராவியைப் பற்றி. அதில் நன்மை இருக்கிறது: நீரும் டிரைகுளோரோஎத்திலீனும் சேர்ந்து கிட்டத்தட்ட 73 டிகிரியிலேயே வடிந்துவிடும் என்பதால், எண்ணெயைக் கருக்காமல் கடைசிக் கரைப்பானை எடுக்க முடிகிறது. ஆனால் அமிலம் காத்திருக்கும் இடத்துக்கு நீரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதுதான். மேலும் அந்த நீராவியோடு பாய்லர் நீர் துளித்துளியாக அடித்துக்கொண்டு வந்தால், அது பி.எச். 11 அளவு காரம். மேலே சொன்ன காஸ்டிக் ஆபத்து பின்வாசல் வழியாக வருகிறது. எனவே நேரடி நீராவிக் குழாயில் ஈரம் பிரிக்கும் செப்பரேட்டரும் டிராப்பும் இருக்க வேண்டும், பாய்லரைப் பொங்கவிடாமல் புளோ டவுன் (உப்பு சேர்ந்த பாய்லர் நீரை அவ்வப்போது வெளியேற்றுவது) ஒழுங்காகச் செய்ய வேண்டும். அமீன் கலந்த நீராவியை நேரடியாக விட்டால் அமீன் அமிலத்தோடு உப்பாகி, குளிர்ந்த சுவரில் படியும். அந்தப் படிவம் ஈரத்தை இழுத்து, தனக்கு அடியில் உலோகத்தைத் தின்னும். ஆகவே அமீனைக் கண்டென்சருக்கு மருந்தாக நினைத்துப் போடாதீர்கள்.

நீராவிப் பக்கத்துக்கு மட்டும் அமீன் தேவைப்படலாம். பாய்லருக்குப் போகும் நீரில் பைகார்பனேட் இருந்தால், அது கொதிகலனில் உடைந்து கார்பன் டை ஆக்சைடாக நீராவியோடு போகும்; குளிரும் இடத்தில் கார்பானிக் அமிலமாகி, குழாயின் அடிப்பக்கத்தில் நீளப் பள்ளம் வெட்டும், மரையின் பற்களைக் கரைக்கும். ஆக்சிஜன் இருந்தால் அம்மை வடு போலத் தனித்தனிக் குழிகள் விழும். அறுத்துப் பார்த்தால் எது என்று வடிவமே சொல்லிவிடும். டிராப்பில் இருந்து வரும் நீரைக் காற்றுப் படாமல் உடனே சோதியுங்கள். பி.எச். 8-க்கும் 9-க்கும் நடுவில் இருந்தால் அந்தப் பக்கம் கவலை குறைவு. 5 அல்லது 6 என்றால் நீர் சுத்திகரிப்பைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் அமீன் பற்றிப் பேசலாம். டிராப் அடைத்து காயிலின் அடிச் சுற்றில் நீர் தேங்கிக் கிடந்தால் எந்த மருந்தும் உதவாது.

இந்த இரண்டு பக்கமும் சந்தித்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு தொழிற்சாலையில் பார்த்தேன். காயிலில் குண்டூசி முனை அளவு ஓட்டை. வடிப்பு நடக்கும்போது நீராவி வெளியே அழுத்துவதால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, பிரிப்பானில் நீர் கொஞ்சம் கூடுதலாக வந்தது, அவ்வளவுதான். மாலையில் வால்வை மூடியதும் காயிலுக்குள் இருந்த நீராவி குளிர்ந்து வெற்றிடமானது. அது கரைப்பானை ஓட்டை வழியாக உள்ளே உறிஞ்சியது. மறுநாள் காலை நீராவியைத் திறந்ததும் அந்தக் கரைப்பான் டிராப் வழியாகத் திரும்பும் நீர்த் தொட்டிக்கும், அங்கிருந்து பாய்லருக்கும் போனது. பாய்லரின் சூட்டில் அது சிதைந்து அமிலமானது. எப்போதும் 11-இல் நிற்கும் பாய்லர் நீரின் பி.எச். 6-க்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம்; அதற்குள் பாய்லர் குழாய்கள் பல மெலிந்திருந்தன. எனவே வடிகலத்துக் காயிலில் ஒரு வெற்றிடம் முறிக்கும் வால்வு வையுங்கள், திரும்பும் நீரை மீட்டரால் கண்காணியுங்கள். என்னைக் கேட்டால், குளோரின் கலந்த கரைப்பான் வடிக்கும் காயிலின் நீரைப் பாய்லருக்கே திருப்பாமல், தனியாகச் சேகரித்துச் சோதித்து வெளியேற்றுவதுதான் பாதுகாப்பு. கொஞ்சம் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், பாய்லர் பிழைக்கும்.

வடிகலம் ஓடாமல் நிற்கும் நாட்களிலும் அரிப்பு நடக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஈரம், மீதி அமிலம், காற்று மூன்றும் ஓய்வாக இருக்கும் நேரம் அது. நிறுத்துவதாக இருந்தால் முழுக்க வடித்து, பிரிப்பானைக் காலி செய்து, குறைந்த குளோரைடு உள்ள நீரில் அலசி, நைட்ரஜன் ஊதி உலர்த்தி மூடிவிடுங்கள். உள்ளே தலையை நீட்டுவதற்கு முன் ஆவியை முழுக்க வெளியேற்றிக் காற்றைச் சோதித்தே ஆக வேண்டும். டிரைகுளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட பொருள், மூடிய கலத்துக்குள் அதன் ஆவி ஆளையே மயக்கிவிடும்.

இங்கிருந்து என்னால் சொல்ல முடியாததும் உண்டு. விரிசல் உள்ளே தொடங்கியதா, வெளியே இன்சுலேஷன் நனைந்து அதன் குளோரைடால் தொடங்கியதா என்பது, உடைந்த துண்டை உருப்பெருக்கியில் பார்த்தால்தான் தெரியும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதே வடிகலத்தில் எத்தில் அசிட்டேட் போன்ற வேறு கரைப்பானையும் காய்ச்சுகிறீர்களா என்பதும் தெரிய வேண்டும். அது நீரோடு சேர்ந்து அசிட்டிக் அமிலமாக உடையும். அந்த அமிலம் 118 டிகிரியில் கொதிப்பதால் மேலே வராமல் அடியில் சேரும், அரிப்பும் கண்டென்சரில் இல்லாமல் காயிலில் தெரியும்.

உலோகத்தை மறுபடி மாற்றுவதை மூன்று மாதம் தள்ளிவையுங்கள். அழுத்தம், காற்றுக் கசிவு, நிலைப்படுத்தி மூன்றையும் சரிசெய்துவிட்டு, கண்டென்சர் வாயில், அந்த முதல் துளி விழும் இடத்தில், எடை பார்த்த ஒரு சின்ன இரும்புத் தகட்டைத் தொங்கவிடுங்கள். 30 நாள், அதாவது 720 மணி நேரம் கழித்து எடுத்துத் துரு நீக்கி எடை போடுங்கள். குறைந்த எடையை மில்லிகிராமில் எடுத்து 87.6-ஆல் பெருக்கி, அதை உலோக அடர்த்தி, பரப்பு, மணி நேரம் மூன்றின் பெருக்கலால் வகுத்தால் ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று வரும். 20 சதுர சென்டிமீட்டர் இரும்புத் தகடு 100 மில்லிகிராம் இழந்திருந்தால், அடர்த்தி 7.86 என்று வைத்துக்கொண்டால், 0.077 மில்லிமீட்டர். ஆண்டுக்கு 0.1-க்குக் கீழே இருந்தால் அமிலம் கட்டுக்குள் வந்துவிட்டது. பழைய இரும்போ, வெல்டிங் செய்தபின் இழுவிசை நீக்கிய 316-ஓ போதும். அந்த எண் 0.5-ஐத் தாண்டி நின்றால் மட்டும் கண்ணாடிப் பூச்சிட்ட கலம், ரெசின் ஏற்றிய கிராஃபைட் கண்டென்சர், இல்லை ஹாஸ்டெல்லாய் சி-276 என்ற நிக்கல் கலப்புலோகம் என்று விலை கேட்கத் தொடங்கலாம். டைட்டானியம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அது தாங்காது. தகட்டின் எடை, பிரிப்பானின் பி.எச்., காயிலுக்குப் போகும் அழுத்தம் மூன்றையும் எழுதினால், மேற்கொண்டு என்ன செய்வது என்று சேர்ந்து பார்க்கலாம்.